கேலக்ஸி 500: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேலக்ஸி 500 என்ற அமெரிக்க இசைக்குழுவைக் கேட்டுப் பாருங்கள் என்று நான் யாரிடம் சொன்னாலும், சில நாட்களில் ஏறத்தாழ ஒரே வரிசையில் அதே ஐயங்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதிலாக அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ராக் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களை மனத்தில் கொண்டு முதல் சில பதில்களை எழுதியிருப்பதால், ஏற்கெனவே அறிந்தவர்கள் நேராகப் பிற்பகுதிக்குச் செல்லலாம்.

கேலக்ஸி 500 என்பவர்கள் யார்? எத்தனை ஆண்டுகள் இருந்தார்கள்?

மூவர் மட்டுமே கொண்ட குழு அது. டீன் வேர்ஹாம் கிதார் வாசித்துப் பெரும்பாலான பாடல்களைப் பாடினார். டேமன் கிருகோவ்ஸ்கி டிரம்ஸ். நயோமி யாங் பேஸ் கிதார், சில பாடல்களில் குரலும். வேர்ஹாம் நியூசிலாந்தில் பிறந்து, சிட்னி வழியாகப் பதின்ம வயதில் நியூயார்க்குக்கு வந்தவர். மூவரும் நியூயார்க்கின் டால்டன் பள்ளியில் அறிமுகமாகி, பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் ஒன்றாகப் படித்தார்கள்.

1987-இல் பாஸ்டன் வட்டாரத்தில் குழு தொடங்கியது. 1991 வசந்தகாலத்தில் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான அந்தக் காலத்தில் மூன்று ஆல்பங்கள் வெளிவந்தன: 1988-இல் "டுடே", 1989-இல் "ஆன் ஃபயர்", 1990-இல் "திஸ் இஸ் அவர் மியூசிக்". இவற்றைத் தவிரச் சில சிங்கிள்களும் (ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட வெளியீடுகள்), பிபிசி வானொலிக்காகச் செய்த ஒலிப்பதிவுகளும், கோபன்ஹேகனில் 1990 டிசம்பரில் நடந்த கச்சேரியின் பதிவும் உள்ளன. ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடலாம்.

பெயர் ஏதோ காரின் பெயர் போல இருக்கிறதே?

காரின் பெயரேதான். ஃபோர்டு நிறுவனம் தயாரித்த கேலக்ஸி 500 என்ற பெரிய அமெரிக்கக் கார் அவர்களுடைய நண்பர் ஒருவரிடம் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் பின்னால் ஆழமான பொருள் எதையும் தேட வேண்டியதில்லை.

இவர்கள் முறையாக இசை கற்றவர்களா? கேட்டால் அப்படித் தெரியவில்லை.

வேர்ஹாமும் கிருகோவ்ஸ்கியும் ஹார்வர்டு நாட்களிலேயே பங்க் சாயல் கொண்ட மாணவர் குழுக்களில் வாசித்துப் பழகியவர்கள். நயோமி யாங் இந்தக் குழுவுக்காகத்தான் பேஸ் கிதாரையே கையில் எடுத்தார். அவர் ஹார்வர்டில் கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்தார். கிருகோவ்ஸ்கி அங்கேயே ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு மாணவராக இருந்தார். இசையையே பிழைப்பாகக் கொள்ளும் எண்ணத்தோடு தொடங்கிய குழு இது என்று சொல்ல முடியாது.

ஆனால் "தெரியவில்லை" என்ற சொல்லைச் சற்று நிறுத்தி யோசிக்கலாம். யாங்கின் வாசிப்பைக் கவனியுங்கள். பேஸ் கிதாரில் வழக்கமாகத் தாழ்ந்த சுரங்களை டிரம்ஸோடு பூட்டி வாசிப்பார்கள். யாங் கழுத்துப் பகுதியின் மேல் முனைக்குப் போய், பாடலின் மெட்டையே அங்கிருந்து இழுத்து வருகிறார். கிருகோவ்ஸ்கி தாளத்தை அடித்துக் காட்டுவதைவிடச் சிம்பல்களின் அதிர்வால் இடத்தை நிரப்புகிறார். ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டுப் பழகிய காது அது. தாளத்தைத் தாங்கவேண்டியவர்கள் இருவரும் வேறு வேலையில் இருப்பதால், கிதார் எளிய ஸ்வரக்கோவைகளை (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்களை) சீராக மீட்டிக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. வழக்கமான பொறுப்புகள் இடம் மாறிய இந்த அமைப்பைப் பயிற்சிபெற்ற ஒரு பேஸ் கலைஞர் சேர்ந்திருந்தால் முதல் வாரத்திலேயே "சரிசெய்திருப்பார்" என்பது என் எண்ணம்.

எல்லாப் பாட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக, கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல இருக்கிறது?

கிணறு கிரேமரின் வேலை. கிரேமர் என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படும் இவர் ஷிம்மி டிஸ்க் என்ற சிறு இசை நிறுவனத்தை நடத்தியவர். மன்ஹாட்டனில் நாய்ஸ் நியூயார்க் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை வைத்திருந்தார். குழு தன் மாதிரிப் பதிவை அவருக்கு அனுப்ப, அவர் ஒப்புக்கொண்டார். 1988 பிப்ரவரியில் அங்கே பதிவான "டக்போட்" தொடங்கி, மூன்று ஆல்பங்களையும் அவரே பதிவுசெய்தார். குரல், கிதார், டிரம்ஸ் எல்லாவற்றின்மீதும் அவர் தாராளமாகப் பூசிய ரிவெர்ப் என்ற எதிரொலி விளைவுதான் நீங்கள் கேட்கும் அந்த ஆழம். வேறு தயாரிப்பாளர் யாரும் அவர்களுடைய ஆல்பத்தைத் தொட்டதில்லை என்பதால், இக்குழுவின் ஒலியில் கிரேமரின் பங்கையும் மூவரின் பங்கையும் தனியே பிரித்துக்காட்டுவது எளிதில்லை.

மெதுவான நடை அவர்களுடையது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிறு அரங்குகளில் ஒலித்தது பெரும்பாலும் வேகமும் இரைச்சலும் கொண்ட இசை; ஹார்ட்கோர் பங்கின் அடுத்த தலைமுறை அது. அந்த மேடைகளில் வேகத்தைக் குறைத்து வாசிப்பதே ஓர் எதிர்ப்பாக அமைந்தது. மெதுவான பாடல் என்றால் மென்மையான பாடல் என்று கொள்ளவேண்டாம். பெரும்பாலான பாடல்கள் தணிவாகத் தொடங்கி, வேர்ஹாமின் நீண்ட கிதார் தனிவாசிப்பில் கொந்தளித்துத்தான் முடிகின்றன.

பாடகருக்குச் சுருதி நிற்கவில்லையே. அதை யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள். "ஆன் ஃபயர்" வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்களிடம் கலவையான வரவேற்பே கிடைத்தது. வேர்ஹாமின் மெல்லிய, மேல் ஸ்தாயியில் நடுங்கும் குரலே முக்கியக் குறையாகச் சுட்டப்பட்டது. எட்டாத சுரத்துக்கு அவர் முயல்வது சில இடங்களில் வெளிப்படையாகவே தெரியும்.

குரலைக் குறையாகக் கேட்பவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: சொற்கள் தீர்ந்த இடத்தில் அவர் வெறும் ஒலிகளாகப் பாடத் தொடங்கி, அங்கிருந்து கிதார் அதே வரியை எடுத்துக்கொள்ளும் தருணங்கள் பல பாடல்களில் உண்டு. குரல் வலுவாக இருந்திருந்தால் அந்தக் கைமாற்றம் தேவைப்பட்டிருக்காது. "ஆன் ஃபயர்" ஆல்பத்தில் நயோமி யாங் பாடும் "அனதர் டே" பாடலை இதற்கு மாற்றாகக் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது?

"ஆன் ஃபயர்". குழுவின் உச்சம் அதுதான் என்பது பொதுவான கருத்து. எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. "புளூ தண்டர்" என்ற தொடக்கப் பாடலிலேயே மேலே விளக்கிய எல்லாம் இருக்கிறது. "டீகம்போசிங் ட்ரீஸ்" பாடலில் ரால்ஃப் கார்னியின் சாக்ஸஃபோன் நுழையும் இடமும் கவனிக்கத்தக்கது.

அடுத்து "டுடே". சற்றே கரடுமுரடானது, ஆனால் மிக நேர்மையானது. மூன்றாம் ஆல்பமான "திஸ் இஸ் அவர் மியூசிக்" ஒலியளவில் தெளிவானது, மனநிலையில் சோர்வானது. அதன் தொடக்கப் பாடலான "ஃபோர்த் ஆஃப் ஜூலை" குழுவின் மிகச் சிறந்த ஐந்து பாடல்களில் ஒன்று என்றாலும், ஆல்பம் முழுவதும் அந்த உயரத்தில் நிற்பதில்லை. தலைப்பு ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 1961-ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து எடுத்தது; கிருகோவ்ஸ்கியின் ஜாஸ் காதைப் பற்றி முன்பு சொன்னதை இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

"டக்போட்" பாட்டு எதைப் பற்றியது? இழுவைப் படகுக்கும் காதலுக்கும் என்ன தொடர்பு?

1960-களின் நியூயார்க் ராக் குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டின் கிதார் கலைஞர் ஸ்டெர்லிங் மாரிசன் 1971-இல் அக்குழுவை விட்டு விலகி, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இடைக்கால ஆங்கில இலக்கியம் படித்து முனைவர் பட்டம் பெற்றார்; ஹூஸ்டன் துறைமுகக் கால்வாயில் இழுவைப் படகுகளில் வேலைசெய்து மாலுமித் தலைவராகவும் ஆனார். ராக் இசையில் புகழ்பெற்ற ஒருவர் அதை விட்டுவிட்டுக் கப்பல்களை இழுக்கப் போன இந்தச் செய்திதான் பாடலின் வித்து. விருந்துகளும் கூட்டமும் வேண்டாம், ஒருவருக்கு மட்டும் இழுவைப் படகின் தலைவனாக இருந்தால் போதும் என்கிறது பாடல். இலக்கிய ஆய்வையும் இசைக்குழுவையும் ஒரே சமயத்தில் சுமந்துகொண்டிருந்த மாணவர்களை அந்த வாழ்க்கை ஈர்த்ததில் வியப்பில்லை.

இரண்டே ஸ்வரக்கோவைகள் கொண்ட பாடல் அது. குழுவின் முதல் சிங்கிளாக ஆரோரா என்ற சிறு நிறுவனத்தின் வழியாக வெளிவந்து, பிறகு "டுடே" ஆல்பத்தின் இறுதிப் பாடலாயிற்று.

அப்படியானால் இவர்கள் வெல்வெட் அண்டர்கிரவுண்டின் நகல்தானே?

கடனை அவர்கள் மறைக்கவில்லை. மேலே கண்டபடி முதல் சிங்கிளே அக்குழுவின் உறுப்பினரைப் பற்றியது; "ஹியர் ஷீ கம்ஸ் நவ்" என்ற வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பாடலையும் பதிவுசெய்திருக்கிறார்கள். இரண்டு ஸ்வரக்கோவைகளைச் சலிக்காமல் மீட்டுவது, தனிவாசிப்பைக் கட்டுக்கடங்காமல் ஓடவிடுவது ஆகியவை அங்கிருந்து வந்தவையே.

வேறுபாடு மனநிலையில் இருக்கிறது. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் பாடல்களில் நகரத்தின் போதைப்பொருள், வன்முறை, பாலியல் எல்லாம் உண்டு. கேலக்ஸி 500-இன் பாடல்களில் எதுவுமே நடப்பதில்லை. ஒருவன் கடைக்குப் போகிறான், வரிசையில் நிற்கிறான், சுற்றியிருப்பவர்கள் விசித்திரமாகத் தெரிகிறார்கள், பாடல் முடிந்தது. அந்த ஒன்றுமின்மைக்கு ஏற்ற இசையைக் கண்டுபிடித்தது இவர்களுடைய சொந்த வேலை.

பிறருடைய பாடல்களை ஏன் இத்தனை பாடுகிறார்கள்? சொந்தச் சரக்குப் போதவில்லையா?

ஒவ்வோர் ஆல்பத்திலும் பிறர் பாடல் ஒன்றாவது உண்டு என்பது உண்மை. "டுடே" ஆல்பத்தில் ஜோனதன் ரிச்மனின் "டோன்ட் லெட் அவர் யூத் கோ டு வேஸ்ட்", "ஆன் ஃபயர்" இறுதியில் ஜார்ஜ் ஹாரிசனின் "இஸ்ன்ட் இட் எ பிட்டி", மூன்றாம் ஆல்பத்தில் யோகோ ஓனோவின் "லிசன், த ஸ்னோ இஸ் ஃபாலிங்". கடைசியாகச் சொன்னதை நயோமி யாங் பாடுகிறார். மூன்றாம் ஆல்பத்தின் சிறந்த தருணம் என் கணக்கில் அதுவே.

"புளூ தண்டர்" சிங்கிளோடு வெளிவந்த "செரிமனி" தனியே கேட்கத்தக்கது. ஜாய் டிவிஷன் குழுவின் இறுதி நாட்களில் எழுதப்பட்டு, அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்தபின் எஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் 1981-இல் முதல் சிங்கிளாக வெளியிட்ட பாடல் அது. அவர்களுடைய பேஸ் கலைஞர் பீட்டர் ஹுக்கும் யாங்கைப் போலவே உயர்ந்த சுரங்களில் மெட்டை வாசிப்பவர். ஆகவே பாடல் இவர்களுக்கு இயல்பாகப் பொருந்தியது. பிறர் பாடலைத் தங்கள் வேகத்துக்கு இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது இவர்கள் வழக்கம். ரிச்மனின் சிறு பாடல் இவர்கள் கையில் ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் நீள்கிறது.

அமெரிக்கக் குழுவாக இருந்தும் இங்கிலாந்தில்தான் பெயர் கிடைத்ததாமே?

ஆம். முதல் ஆல்பத்துக்குப் பின் அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டது லண்டனை மையமாகக் கொண்ட ரஃப் டிரேட் நிறுவனத்தோடு. பிபிசி ரேடியோ 1-இல் ஜான் பீல் தன் நிகழ்ச்சிக்காக அவர்களை 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் அழைத்து ஒலிப்பதிவு செய்தார். அவருடைய நேயர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐம்பது பாடல்களின் பட்டியலில் 1989-ஆம் ஆண்டு ரிச்மன் பாடல் 41-ஆம் இடம் பெற்றது. "ஆன் ஃபயர்" பிரிட்டனின் இண்டி தரவரிசையில் 7-ஆம் இடம் வரை ஏறியது. பெரிய நிறுவனங்களின் விநியோகத்துக்கு வெளியே விற்பனையாகும் இசைத்தட்டுகளுக்கென்று தனித் தரவரிசையே அந்நாட்டில் இருந்தது இத்தகைய குழுக்களுக்குப் பேருதவியாயிற்று. அமெரிக்காவில் அவர்களைத் தாங்கியவை பெரும்பாலும் கல்லூரி வானொலிகளும் சிறு அரங்குகளும்தான்.

ஏன் பிரிந்தார்கள்? யார் மீது தவறு?

நிகழ்வுகளை முதலில் சொல்கிறேன். 1991-இன் தொடக்கத்தில் காக்டோ ட்வின்ஸ் குழுவின் கச்சேரிகளில் அவர்களுக்கு முன் வாசிக்கும் தொடக்கக் குழுவாக அமெரிக்கா முழுவதும் நீண்ட சுற்றுப்பயணம் சென்றார்கள். அடுத்து ஜப்பான் பயணம் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன் வேர்ஹாம் தொலைபேசியில் அழைத்துத் தாம் விலகுவதாகத் தெரிவித்துவிட்டார். அதற்குச் சில காலம் முன்பே அவர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்திருந்தார். மற்ற இருவரும் பாஸ்டன் பக்கமே இருந்தார்கள்.

காரணத்தை வேர்ஹாம் 2008-இல் வெளிவந்த "பிளாக் போஸ்ட்கார்ட்ஸ்" என்ற தன்வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். கிருகோவ்ஸ்கியும் யாங்கும் வாழ்க்கைத் துணைவர்கள். மூவர் குழுவில் இருவர் இணையராக இருந்தால், எந்த முடிவிலும் மூன்றாமவர் தனி வாக்காகிவிடுகிறார். சிறு வேனில் மாதக்கணக்கில் பயணம் செய்யும்போது அது தாங்க முடியாததாகிறது. மறுபுறம், பாடல்கள் மூவரின் பெயரிலும் பொதுவாகவே பதிவாயின. குழுவில் எவரும் தலைவரில்லை என்ற எண்ணத்தில் இருந்த இருவருக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு பெரும் அதிர்ச்சி. வேர்ஹாம் விலக விரும்பியதை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. அதை அவர் சொன்ன விதத்தையும் சொன்ன நேரத்தையும் நியாயப்படுத்துவது கடினம்.

ரஃப் டிரேட் திவாலானபின் பாடல்கள் யாருக்குச் சொந்தமாயின?

இந்தக் குழுவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரும்பாலோர் கேட்கவே மறக்கும் பகுதியும் இதுவே. குழு பிரிந்த அதே 1991-இல் ரஃப் டிரேட்டின் விநியோக அமைப்பும், அதோடு அமெரிக்கக் கிளையும் நொடித்துப் போயின. நிறுவனத்தின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, குழுவின் மூல ஒலிநாடாக்களும் அவற்றின் உரிமையும் ஏலப் பொருள்களுள் அடங்கின. கிருகோவ்ஸ்கி அவற்றை ஏலத்தில் வாங்கிவிட்டார்.

இது எவ்வளவு அரிது என்பதை விளக்கவேண்டும். ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக நிறுவனத்திடமே இருக்கும். நிறுவனம் கைமாறினால் உரிமையும் கைமாறும். பெரிய நிறுவனம் ஒன்றின் கிடங்கில் முடங்கிய ஆல்பத்தை வெளியிடச் செய்ய அதை உருவாக்கியவரால்கூட முடியாது. கேலக்ஸி 500 பெரிய குழுவாக இருந்திருந்தால் ஏலத்தில் வேறு யாராவது கூடுதல் விலை கேட்டிருப்பார்கள். 1991-இல் அந்த நாடாக்களுக்குப் பெரிய சந்தை மதிப்பு இல்லாமல் இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. இதன் விளைவாக 1996-இல் ரைக்கோடிஸ்க் நிறுவனம் நான்கு குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அடுத்த ஆண்டு கோபன்ஹேகன் கச்சேரி வெளிவந்தது. பிரிட்டனில் 2010-இல் டொமினோ நிறுவனம் ஆல்பங்களை மறுபதிப்புச் செய்தது. எங்கே, எப்போது, எந்த வடிவில் என்பதைக் கலைஞர்களே முடிவுசெய்ய முடிந்தது.

ஸ்பாட்டிஃபையில் "ஸ்ட்ரேஞ்ச்" மட்டும் ஏன் மற்ற எல்லாப் பாட்டையும்விட அதிகம் கேட்கப்படுகிறது? அதுதான் அவர்களுடைய பெரிய ஹிட்டா?

இல்லை. "ஆன் ஃபயர்" ஆல்பத்தின் பாடலான "ஸ்ட்ரேஞ்ச்" சிங்கிளாக வெளியானதே இல்லை; மேலே வரிசையில் நிற்பவனைப் பற்றிச் சொன்னது இந்தப் பாடலைத்தான். ஆயினும் அந்தத் தளத்தில் அது பிற பாடல்களை வெகுதூரம் முந்தியிருப்பதைக் கிருகோவ்ஸ்கியே கவனித்து வியந்து, 2018-இல் அதைப் பற்றி எழுதினார். ஸ்பாட்டிஃபையில் தரவுகளைக் கையாண்ட கிளென் மெக்டொனால்டு ஆராய்ந்து பார்த்தபோது, அந்த ஏற்றம் 2017 ஜனவரியில் தொடங்கியது தெரியவந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த ஆல்பம் முடிந்ததும் தளமே அடுத்த பாடலை ஒலிக்கவிடும் தானியங்கி வசதி, பயனர் கேட்காமலே இயங்கும்படி அமைக்கப்பட்டது அந்த மாதத்தில்தான்.

தானியங்கி நிரல் பிறருடைய பாடல்களுக்குப் பின் ஒலிக்கப் பொருத்தமானதைத் தேடுகிறது. கேலக்ஸி 500-இன் பாடல்களில் அக்காலத்துப் பிற கிதார் குழுக்களை ஓரளவு ஒத்திருப்பது "ஸ்ட்ரேஞ்ச்": சற்று வேகம், சற்று உரப்பு, ஒழுங்கான தாளம். குழுவின் தனித்தன்மை எதில் குறைவோ அதுவே அவர்களுடைய அடையாளப் பாடலாகிவிட்டது. பாடல் நன்றாகவே இருக்கிறது. அதன் வழியே வந்தவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பாடலைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நிரலிடம் விட்டால் குழுவை விட்டு வெளியே போய்விடுவீர்கள்.

இத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால் இப்போதாவது நல்ல பணம் வரவேண்டுமே?

கிருகோவ்ஸ்கி 2012-இல் தம் ராயல்டி அறிக்கையைப் பொதுவில் வைத்தார். ஒரு காலாண்டில் "டக்போட்" பாடல் பண்டோரா இணைய வானொலியில் 7,800 முறை ஒலித்தது. பாடலாசிரியர்கள் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 21 சென்ட். ஆளுக்கு 7 சென்ட். ஸ்பாட்டிஃபையில் 5,960 முறை ஒலித்ததற்கு மூவருக்கும் சேர்த்து 1.05 டாலர். 1988-இல் ஆயிரம் சிங்கிள் இசைத்தட்டுகளை அச்சிட்டு விற்றதில் ஈட்ட முடிந்த தொகையை ஈட்ட, 2012-இல் அதே பாடல் 1 கோடியே 30 லட்சம் முறைக்கு மேல் ஒலிக்கவேண்டும் என்று அவர் கணக்கிட்டார்.

இவை பாடலாசிரியர் பங்குக்கான தொகைகள் மட்டுமே. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு வேறொரு பங்கு தனியே வரும். ஏலத்தைப் பற்றிய பதிலில் சொன்ன காரணத்தால் அந்தப் பங்கும் இவர்களுக்கே வருகிறது. அப்படியிருந்தும் நிலைமை இதுதான் என்பதே அவருடைய வாதத்தின் வலு. இதே அக்கறையில் அவர் பிற்பாடு 2020-இல் உருவான இசைக்கலைஞர் தொழிற்சங்கம் ஒன்றில் முனைப்பாகப் பங்கெடுத்தார். ஒரு முறை ஒலிக்க ஒரு சென்ட்டாவது தரவேண்டும் என்பது அச்சங்கத்தின் கோரிக்கை. அதன் அடிப்படையிலான மசோதா 2024 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் அறிமுகமானது.

பிரிந்தபின் மூவரும் என்ன செய்தார்கள்?

வேர்ஹாம் உடனே லூனா என்ற குழுவைத் தொடங்கி எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். லூனா 2005-இல் கலைந்து, பத்தாண்டுகள் கழித்து மீண்டும் கூடியது. கிருகோவ்ஸ்கியும் யாங்கும் "டேமன் அண்ட் நயோமி" என்ற பெயரில் இருவராகவே தொடர்ந்தார்கள். 1992-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தையும் கிரேமரே தயாரித்தார். 2000-இல் கோஸ்ட் என்ற ஜப்பானியக் குழுவோடு சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள். நடக்காமல் போன அந்த ஜப்பான் பயணத்தை நினைத்துக்கொண்டு கேட்டால் அது இன்னும் சுவைக்கும்.

இசைக்கு வெளியே, இருவரும் 1989-இலேயே எக்ஸாக்ட் சேஞ்ச் என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கி, சர்ரியலிச இலக்கியத்தையும் அதன் உறவினரையும் வெளியிட்டு வந்தார்கள். குழுவின் ஆல்பம் அட்டைகளை வடிவமைத்த யாங்கே இந்நூல்களையும் வடிவமைத்தார்.

இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் நிர்வாணா அலையில் இவர்களும் பெரிய ஆளாகியிருப்பார்களே?

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் "நெவர்மைண்ட்" ஆல்பம் 1991 செப்டம்பரில் வெளிவந்தது; இவர்கள் பிரிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதன்பின் பெரிய நிறுவனங்கள் மாற்று ராக் குழுக்களை அள்ளிக்கொண்டு போனது உண்மைதான்.

இந்தக் கேள்விக்கு லூனாவின் வரலாறே பதில் தருகிறது. எலெக்ட்ரா அவர்களுக்கு நல்ல ஒலிப்பதிவுக் கூடங்களைத் தந்தது, நான்கு ஆல்பங்களை வெளியிட்டது, ஐந்தாவது வெளிவருவதற்கு முன் 1999-இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. விற்பனை அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு எட்டவில்லை. சுருதி நிற்காத பாடகரும் இரண்டு ஸ்வரக்கோவைகளும் கொண்ட குழுவுக்கு அங்கே இதைவிட நல்ல வரவேற்பு கிடைத்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அப்படி ஓர் ஒப்பந்தம் செய்திருந்தால் மூல ஒலிநாடாக்கள் இன்று யாரிடம் இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவர்களால் யாரும் பாதிக்கப்பட்டார்களா, அல்லது ரசிகர்கள் மிகைப்படுத்துகிறார்களா?

ஸ்லோகோர் என்று பின்னர் பெயர்பெற்ற, வேகத்தையும் உரப்பையும் குறைத்துக்கொண்ட இசை வகைக்கு இவர்கள் முன்னோடிகளாகக் கருதப்படுகிறார்கள். நேரடிச் சங்கிலி ஒன்றைக் காட்டலாம்: அவ்வகையின் மிக முக்கியக் குழுவான லோ, 1994-இல் வெளிவந்த தன் முதல் ஆல்பத்தைக் கிரேமரின் தயாரிப்பில்தான் பதிவுசெய்தது. ரசிகர்கள் மிகைப்படுத்துவதும் உண்டு. மெதுவாக வாசிக்கும் ஒவ்வொரு குழுவையும் இவர்கள் கணக்கில் எழுதவேண்டியதில்லை.

மீண்டும் சேர்ந்து வாசிப்பார்களா?

1991-க்குப் பிறகு மூவரும் இந்தப் பெயரில் ஒரே மேடையில் ஏறியதில்லை. 2010-இல் மறுபதிப்புகள் வந்ததை ஒட்டி வேர்ஹாம் தம் வேறு துணைக்கலைஞர்களோடு கேலக்ஸி 500 பாடல்களை மட்டும் வாசிக்கும் சுற்றுப்பயணம் செய்தார். யாங்கின் பேஸும் கிருகோவ்ஸ்கியின் சிம்பல்களும் இல்லாமல் அதைக் கேட்பது பற்றி, மூவரின் வாசிப்பைப் பற்றிய பதிலைப் படித்தவர்கள் தாங்களே முடிவுசெய்துகொள்ளலாம்.

1996 தொகுப்பு கையில் இருக்கிறது. 2024-இல் வந்த புதிய தொகுப்பையும் வாங்கவேண்டுமா?

1996 தொகுப்பில் மூன்று ஆல்பங்களும், சிங்கிள்களிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்த நான்காவது தட்டும் இருந்தன. 2024 செப்டம்பரில் சில்வர் கரன்ட் நிறுவனம் வெளியிட்ட "அன்கலெக்டட் நாய்ஸ் நியூயார்க்" அந்த நான்காவது தட்டின் விரிந்த வடிவம். கிரேமரின் கூடத்தில் 1988 முதல் 1990 வரை பதிவாகி ஆல்பங்களில் இடம்பெறாத 24 பதிவுகளைக் கால வரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள். அதுவரை வெளிவராதவையும் அவற்றுள் உண்டு.

ஆல்பங்களை நன்றாக அறிந்தவர்கள் வாங்கலாம்; குழு தன் ஒலியைக் கண்டடைவதை வரிசையாகக் கேட்கும் வாய்ப்பு வேறு எங்கும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் அதே பணத்தில் "ஆன் ஃபயர்" ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்குவது நல்லது. வாங்கும்போது முதல் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவுசெய்யவேண்டாம். "இஸ்ன்ட் இட் எ பிட்டி" இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது.